பல்லை இறக்கிவிட்டுத் தைப்பது: வீட்டு மெஷினில் குழந்தைக்கு ஒரு க்வில்ட்

மதுரை வட்டாரத்தில் டெய்லரிங் கிளாஸ் போனவர்களுக்கு மெஷின் எம்பிராய்டரி புதிதல்ல. ஃபுட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லை இறக்கி, வளையத்தில் துணியை இறுக்கி, கையால் நகர்த்திப் பூப் போடுகிற அதே வேலைதான் ஃப்ரீ மோஷன் க்வில்டிங். ஆனால் இதில் வளையம் கிடையாது. ஒரு துணிக்குப் பதில் முன்பக்கம், உள்துணி, அடித்துணி என்று மூன்று அடுக்கு. கைக்கு அடங்கும் ஒரு முழத் துணி அல்ல, மடியில் வழிகிற ஒரு முழு விரிப்பு. எம்பிராய்டரி அருமையாக வருகிறவர்களுக்கும் முதல் க்வில்ட் கோணிக்கொண்டு போவது இதனால்தான்.

"கை பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். பாதிதான் உண்மை. கோணல் தையலில் பெரும்பகுதி கையால் வருவதில்லை. மேஜை விளிம்பில் தொங்குகிற துணியின் கனம் இழுப்பதால் வரும், மழுங்கிய ஊசியால் வரும், மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காராததால் வரும். அதனால் இங்கே தைப்பதைவிடத் தயாரிப்பைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

துணிக் கணக்கு

குழந்தைக்கு 36க்கு 42 அங்குலம் நல்ல அளவு. வீட்டு மெஷினின் கைக்குள், அதாவது ஊசிக்கு வலப்பக்கம் உள்ள இடைவெளிக்குள், அடங்கும், ஒரு வயது தாண்டியும் உதவும்.

சதுரம் சதுரமாக ஒட்டித் தைப்பதானால், தைத்து முடிந்தபின் 6 அங்குலம் வருகிற சதுரங்கள் அகலத்தில் 6, நீளத்தில் 7, மொத்தம் 42. ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலத்துக்கு வெட்டி, நான்கு பக்கமும் கால் அங்குலத் தையலுக்கு விட வேண்டும். 44 அங்குலப் பன்னா (அகலம்) துணியில் கரையைக் கழித்தால் 42 அங்குலம் தேறும். ஒரு பட்டைக்கு 6 சதுரம் கிடைக்கும். இரண்டு நிறத்தில் மாற்றி மாற்றி வைப்பதென்றால் நிறத்துக்கு 21 சதுரம், அதற்கு நான்கு பட்டை, 26 அங்குலம். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து நிறத்துக்கு முக்கால் மீட்டர் எடுத்தால் போதும். ஒட்டே வேண்டாம், முழுத்துணியாக இருக்கட்டும் என்றால் ஒன்றேகால் மீட்டர்.

அடித்துணி 42க்கு 48 அங்குலம் வேண்டும், அதாவது சுற்றிலும் 3 அங்குலம் கூடுதலாக. ஓரத்தில் தைக்கும்போது கைக்குப் பிடி வேண்டும், அதற்குத்தான் இந்த மிச்சம். 1.4 மீட்டர் வாங்குங்கள். ஓரப் பட்டைக்குத் தனியாக 40 சென்டிமீட்டர்.

எல்லாமே சுத்தப் பருத்தி. விளக்குத்தூண் பக்கமும் மாசி வீதிகளிலும் பாப்ளின், காடா, மல் எல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மல் மேலே போட மெல்லிசு, ஊசி போகும் இடமெல்லாம் சுருங்கும். பாப்ளின்தான் தோது. பருத்தி என்று சொல்லி டெரிகாட்டன் கொடுப்பதும் உண்டு. ஓரத்தில் இரண்டு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும், பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். முன்பெல்லாம் ஊசி நூலுக்கும் தையலுக்கும் புது மண்டபம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.

சுங்குடியில் குழந்தைக்கு க்வில்ட் போட்டால் அழகுதான். 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ச் சரக்கு. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியிலும் துணி லேசாகச் சுருங்கிக் குமிழாக நிற்கும். அப்படியே அளந்து வெட்டினால் பிறகு சதுரம் பெரிதாகிவிடும். தண்ணீர் தெளித்து, கஞ்சி போட்டு, தட்டையாக இஸ்திரி செய்த பிறகுதான் கத்தரி. இரண்டாவது, சாயம். கருஞ்சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் இறங்கக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறினால் தண்ணீர் தெளிவாகும்வரை தனித்தனியாக அலசத்தான் வேண்டும். கல் உப்பு போட்டு ஊற வைத்தால் நின்றுவிடும் என்கிற வழக்கம் இருக்கிறது. வெளியேறப்போகிற சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. நான்கு அலசுக்குப் பிறகும் இறங்குகிற துணி வெள்ளை அடித்துணியோடு சேரவே கூடாது. குழந்தை வாயில் வைத்துச் சப்பும் என்பதை மறக்க வேண்டாம்.

துவைத்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி செய்வது இந்த வேலைக்கு நம்மிடம் இருக்கும் பெரிய வசதி. வெளிநாட்டில் இதற்கென்று ஸ்ப்ரே விற்கிறார்கள், நமக்கு வடித்த கஞ்சி போதும். கஞ்சி போட்ட துணி வெட்டும்போது கோணாது, தைக்கும்போது இழுபடாது, அடித்துணி மேஜைமேல் வழுக்கிக்கொண்டு போகும். முடித்ததும் துவைத்துவிடுங்கள். கஞ்சியோடு பெட்டியில் வைத்தால் பூச்சி வரும்.

உள்ளே என்ன வைப்பது

பெரும்பாலோர் தப்பு செய்கிற இடம் இது. கடையில் வேடிங் (உள்ளே வைக்கும் பஞ்சு ஷீட்) என்று கேட்டால் பாலியெஸ்டர் ஷீட்தான் வரும். சோபாவுக்கும் ஜாக்கெட்டுக்கும் போடுகிற 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஷீட்டை வைத்தால் மெஷினின் கைக்குள் சுருட்டி நுழைக்க முடியாது, சித்திரை வெயிலில் அந்தக் குழந்தைக்கு வேர்க்குரு நிச்சயம். பாலியெஸ்டர்தான் வேண்டுமென்றால் 80 முதல் 100 ஜிஎஸ்எம், இரண்டு பக்கமும் நார் எழும்பாமல் ஒட்டப்பட்டது. விரலால் தேய்த்துப் பாருங்கள். நார் கையோடு வந்தால் ஊசித் துளை வழியாகவும் வரும், முன்பக்கம் முழுக்க வெள்ளை மயிர் முளைத்த மாதிரி ஆகிவிடும்.

இலவம் பஞ்சு பக்கத்திலேயே போடியில் விளைகிறதே, அதை வைக்கலாமே என்று தோன்றும். தலையணைக்குச் சரி, க்வில்ட்டுக்குச் சரிப்படாது. அந்த நார் வழவழப்பானது, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. ஷீட்டாக நிற்காமல் தையல் அறைகளுக்குள் ஓடி மூலையில் திரளும். ஒரு துவைப்பில் கட்டி கட்டியாகிவிடும்.

என் தேர்வு பழைய வேட்டி. நன்றாகப் பழகிய, சுத்தப் பருத்தி எட்டு முழ வேட்டி ஒன்று. கரையை வெட்டி எடுத்துவிட்டு 40க்கு 46 அங்குலத்தில் மூன்று துண்டு போட்டால் மிச்சமும் இருக்கும். மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் மெல்லிய, காற்றோட்டமான உள்துணி கிடைத்துவிடும். ஏற்கெனவே நூறு தடவை துவைத்தது, இனிமேல் சுருங்காது. நெய்த துணி என்பதால் நகர்ந்து திரளவும் செய்யாது. அதனால் தையல் கோடுகளுக்கு நடுவே 3 அங்குலம் வரை இடைவெளி விடலாம். புசுபுசுவென்று எழும்பி நிற்காது என்பது ஒன்றுதான் குறை. மதுரையில் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வயதாகும்வரை தூங்குகிற குழந்தைமேல் க்வில்ட்டைப் போர்த்தவோ, தொட்டிலுக்குள் வைக்கவோ கூடாது. முகத்தை மூடினால் மூச்சு முட்டும். தரையில் விரித்துக் குப்புறப் போட, மடியில் வைத்துக்கொள்ள, வெளியே போகும்போது விரிக்க என்று பயன்படுத்தலாம். பொத்தான், சமிக்கி, மணி, ரிப்பன் எதுவும் வேண்டாம்.

மூன்றையும் சேர்ப்பது

மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஓடவிட்டால் விரித்த வேட்டித் துணி எழுந்து பறக்கும், ஒரு மூலையைச் சரிசெய்வதற்குள் அடுத்த மூலை கலைந்திருக்கும்.

அடித்துணியைத் தப்புப் பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்து, நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்ட வேண்டும். சுருக்கம் இல்லாமல், ஆனால் இழுபடாமல். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குச் சுருங்கும், முன்பக்கம் தொளதொளக்கும். அதன்மேல் உள்துணி, அதன்மேல் முன்பக்கம். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவி விடுங்கள்.

ஊக்கு 4 அங்குலத்துக்கு ஒன்று, அதாவது கை முஷ்டியை எங்கே வைத்தாலும் ஒரு ஊக்கின்மேல் பட வேண்டும். இந்த அளவுக்கு நூறு ஊக்கு ஆகும். துருப்பிடித்ததைக் கழித்துவிடுங்கள், வேர்வைக் கை பட்டால் அது கறையாக இறங்கும். குண்டூசி வேண்டாம், சுருட்டும்போது கையையும் குத்தும், தானாக உதிர்ந்து துணிக்குள்ளும் தங்கும். குழந்தை விரிப்பில் அது விளையாட்டல்ல. ஊக்குக்குப் பதில் கையால் பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டு வைக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் தைக்கும்போது நிறுத்தி நிறுத்தி ஊக்குக் கழற்ற வேண்டியிருக்காது.

கோடு வரைய வெள்ளை டெய்லர் சாக் போதும். தண்ணீரில் போகிற நீலப் பேனாவைப் பயன்படுத்தினால் கழுவும் முன் இஸ்திரி வைக்காதீர்கள், சூடு பட்டால் நிரந்தரமாகிவிடும். மெழுகுச் சாக்கும் இஸ்திரியில் உருகிக் கறை விடும்.

மெஷின்

கறுப்பு மெஷின் ஆனாலும் சரி, ஜிக்ஜாக் மெஷின் ஆனாலும் சரி, செய்யலாம். மிதி மெஷினில் ஒரு நன்மை உண்டு. அது பலகைக்குள் சமமாக இறங்கி உட்கார்ந்திருக்கும், துணி தட்டையாகவே ஓடும். ஒரு சிரமமும் உண்டு. சக்கரம் ஒரு தடவை பின்பக்கம் சுற்றினால் போதும், நூல் அறும் அல்லது பாபினில் சிக்கும். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது சக்கரத்தைத் தள்ளிவிட முடியாது. அதனால் காலாலேயே சரியான பக்கம் தொடங்கப் பழகிய பிறகு க்வில்ட்டைத் தொடுங்கள்.

பல்லை இறக்க: சிலதில் பின்னால் அல்லது பலகைமேல் ஒரு லீவரோ குமிழோ இருக்கும், சிலதில் பல்லை மூடும் தட்டு கூட வரும். இரண்டும் இல்லையா? தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்து அப்படியே தைக்கலாம். பல் மேலும் கீழும் ஆடும், துணியை இழுக்காது. உரசுகிறது என்றால் பழைய பிளாஸ்டிக் கார்டில் ஊசிக்கு மட்டும் துளை போட்டு டேப்பால் ஒட்டுங்கள். பல் இறங்கினாலும் நீளத்தைப் பூஜ்யத்திலேயே வையுங்கள், வீணாகத் தேய வேண்டாம்.

எம்பிராய்டரிக்குப் போல ஃபுட் இல்லாமல் க்வில்ட் தைக்கக் கூடாது. வளையம் இல்லாததால் ஊசி மேலே போகும்போது துணியும் கூடவே எழும்பும். அப்போது பாபினைச் சுற்றி ஓடும் ஹூக்குக்கு நூல் வளையம் சிக்காது, தையல் விட்டு விட்டு விழும். ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் வாங்குங்கள். அதன் கைப்பிடிக் கம்பி ஊசி ஸ்குரூவின்மேல் உட்கார வேண்டும். ஊசி இறங்கும்போது ஃபுட் துணியை அழுத்தும், ஏறும்போது தானும் ஏறித் துணியை விட்டுவிடும். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் லோ ஷாங்க், அதாவது ஃபுட் மாட்டும் தண்டு குட்டையானது. கடையில் சந்தேகம் வந்தால் உங்கள் பழைய ஃபுட்டைக் கொண்டுபோய் ஸ்குரூ துளை உயரத்தை ஒப்பிடுங்கள்.

ஊசி 14 நம்பர், புதியது. வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டு உள்ள ஊசி. பவர் மெஷினுக்கான உருண்டைத் தண்டு ஊசியும் அதே கடையில் அதே மாதிரி பாக்கெட்டில் இருக்கும், மாறிவிடப் போகிறது. நீளக் குழி ஓடுகிற பக்கத்திலிருந்து நூல் கோக்க வேண்டும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு க்வில்ட்டுக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. அதைவிட மலிவான பழுதுபார்ப்பு இல்லை.

நூல் மேலேயும் பாபினிலும் ஒரே கனம். நல்ல பருத்தி நூல் கிடைத்தால் சிறப்பு, இல்லாவிட்டால் 120 டிக்கெட் ஸ்பன் பாலியெஸ்டர் தாராளமாகப் போதும். எம்பிராய்டரிக்குப் போடுகிற பளபளப்பு ரேயான் நூலை விட்டுவிடுங்கள், நனைந்தால் வலு இழக்கும். குழந்தைத் துணி தினமும் தண்ணீரில் கிடக்கும். பாபின் மூன்று நான்கை முன்கூட்டியே சுற்றி வையுங்கள்.

மேஜை

துணியை நகர்த்துவது நம் கை, ஆனால் அதைப் பிடித்து இழுப்பது பூமி. விரிப்பின் ஒரு மூலை மேஜைக்குக் கீழே தொங்கினால் போதும், அந்தப் பக்கம் போகும் தையலெல்லாம் நீளும், எதிர்ப்பக்கம் போவதெல்லாம் குட்டையாகும். மெஷினுக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் அதே உயரத்தில் இன்னொரு மேஜை வேண்டும். மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பின்னால் விழாது. ஜிக்ஜாக் மெஷின் மேஜைமேல் மேடாக நிற்கும். தெர்மகோலில் அதன் வடிவத்துக்கு வெட்டிச் சுற்றிலும் அடுக்கி, மேலே வழவழப்பான ஷீட் ஒட்டிவிட்டால் சமமாகிவிடும்.

விரிப்பை இறுக்கமாகச் சுருட்டிக் கட்டாதீர்கள். சுருள் விறைத்துக்கொண்டு திரும்ப மறுக்கும். குவித்து அள்ளி வைத்து, தைக்கிற இடத்தில் மட்டும் ஒரு சாண் சதுரம் தட்டையாக இருந்தால் போதும்.

கை வேர்த்தால் துணி வழுக்கும். ரப்பர் புள்ளி வைத்த பருத்திக் கையுறை ஹார்டுவேர் கடையில் இருக்கும். அது புழுக்கமென்றால், நோட்டு எண்ணப் போட்டுக்கொள்கிற ரப்பர் விரலுறை இரண்டு கையிலும் இரண்டிரண்டு போதும்.

மாதிரித் துண்டு, டென்ஷன்

வெட்டிய மிச்சத்தில் இதே முன்பக்கம், இதே மூன்று வேட்டி அடுக்கு, இதே அடித்துணி சேர்த்து 10 அங்குலச் சதுரம் இரண்டு செய்யுங்கள். வேறு துணியில் பார்த்த டென்ஷன் இங்கே உதவாது. மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று போட்டால் தப்பு கண்ணுக்குத் தெரியும்.

முன்பக்கம் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் அதிகம், அரை எண் குறையுங்கள். பின்பக்கம் மேல்நூல் தெரிந்தால் குறைவு, கூட்டுங்கள். நேர்க்கோட்டில் சரியாக இருந்து, வளைவில் மட்டும் பின்பக்கம் பாபின் நூல் விறைப்பாக நிற்க, மேல்நூல் இமை மயிர் மாதிரி வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? அது டென்ஷன் மட்டுமல்ல, வேகம். வளைவில் கை தன்னையறியாமல் துணியைச் சுழற்றி இழுக்கிறது, ஊசி பின்தங்குகிறது. வளைவில் கையை மெதுவாக்குங்கள், காலை அல்ல. அப்புறமும் இருந்தால் மேல் டென்ஷனை அரை எண் கூட்டலாம். குழந்தை விரிப்பில் இந்த இமைத் தையலை அப்படியே விட்டுவிடக் கூடாது, அந்த வளையங்களில் பிஞ்சு விரல் மாட்டும். பிரித்துத்தான் ஆக வேண்டும்.

பாபின் கேஸைத் தொட வேண்டிய அவசியம் அபூர்வம். இரும்புக் கேஸ் என்றால் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். தானாக வழுக்கி இறங்கினால் தளர்வு. லேசாக உதறினால் ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரி. ஸ்குரூவைத் திருப்பும் முன் அதன் நிலையைப் பேனாவால் குறித்து வைத்துக்கொண்டு, கால் சுற்றுக்குமேல் போகாதீர்கள்.

பின்பக்கம் ஒரே நூல் கூடாகக் கட்டிக்கொண்டால் எல்லாரும் பாபினைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் மேலேதான். ஃபுட் லீவரை இறக்காமல் தைத்திருப்பீர்கள். டார்னிங் ஃபுட் இறங்கினாலும் துணிக்குச் சற்று மேலேயே நிற்பதால் இறக்கிவிட்டோமா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. லீவர் மேலே இருந்தால் டென்ஷன் தட்டுகள் திறந்திருக்கும், மேல்நூலுக்குப் பிடிப்பே இருக்காது. நூல் கோக்கும்போது மட்டும் லீவர் மேலே, தைக்கும்போது கீழே. இதை மெஷின்மேல் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

நூல் பிசிறி அறுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள், பிறகு நூலைப் பாதை முழுக்க மறுபடி கோத்துவிடுங்கள், பிறகுதான் டென்ஷன். தையல் விட்டால், கை ஊசியை இழுத்து வளைக்கிறது அல்லது ஊசி மழுங்கிவிட்டது. பருத்தித் துணியிலும் ஸ்பன் நூலிலும் தூசு நிறைய விழும். பாபின் மாற்றும்போதெல்லாம் ஹூக்கைப் பிரஷால் தட்டிவிட்டு, எண்ணெய் விடும் மெஷின் என்றால் ஒரு சொட்டு விட்டு, வேறு துணியில் நாலு அங்குலம் ஓட்டிய பிறகு க்வில்ட்டுக்கு வாருங்கள்.

தைப்பது

ஊசியை ஒரு தடவை இறக்கி ஏற்றி, மேல்நூலை இழுத்தால் பாபின் நூல் மேலே வரும். இரண்டையும் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் மூன்று நான்கு மிகச் சிறிய தையல் போட்டுப் பூட்டிவிட்டு நகருங்கள். முடிவிலும் அப்படியே. தொங்கும் நூலை முடிச்சிட்டு, கை ஊசியால் உள்துணிக்குள் இழுத்துப் புதைக்க வேண்டும்.

கால் ஒரே வேகம், நடுத்தரமாக. மெதுவாகத் தைத்தால் பாதுகாப்பு என்று நினைத்துத் தயங்கித் தயங்கி மிதித்தால் கோடு நடுங்கும். அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தை அரை அங்குலம் முன்னால் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது ஊசி துணிக்குள் இருக்கட்டும். ஊசி வெளியே இருக்கும்போது கையை எடுத்தால் திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு படி விழும்.

முதல் க்வில்ட்டுக்கு நெளிகோடு போதும். கோடு தன்னையே வெட்டாமல், கட்டைவிரல் அகல இடைவெளியில் வளைந்து வளைந்து போவது. எல்லா இடத்திலும் ஒரே நெருக்கம் வேண்டும். ஒரு மூலையில் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் தைத்தால் நெருக்கமான இடம் சுருங்கி, மற்ற இடம் அப்பளம் மாதிரி அலையடிக்கும். நடுவில் தொடங்கி வலப்பக்கம் முடித்து, 180 டிகிரி திருப்பி மறுபாதி. இப்படிச் செய்தால் மெஷின் கைக்குள் எப்போதும் 18 அங்குலத்துக்குமேல் அடைய வேண்டியிருக்காது.

இரண்டாவது க்வில்ட்டுக்கு நம் வாசலிலேயே டிசைன் இருக்கிறது, சிக்குக் கோலம். முழுத்துணி க்வில்ட்டில்தான் எடுபடும், ஒட்டுத் துணியில் தொலைந்துவிடும். 3 அங்குல இடைவெளியில் அகலவாக்கில் 11, நீளவாக்கில் 13 நேர்ப்புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் 3 அங்குலக் கட்டத்தின் நடுவில் நிற்பதாகக் கொண்டால் கோலம் 33க்கு 39 அங்குலம் வரும், சுற்றிலும் ஒன்றரை அங்குலம் மிஞ்சும். 11, 13 இரண்டையும் சேர்த்து வகுக்கும் எண் 1 தவிர வேறு இல்லை. அதனால் சாதாரணமாக ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துப் போகும் கோடு ஒரே இழையில் முடியும். 12க்கு 14 வைத்தால் இரண்டு இழையாகிவிடும்.

ஆனால் கையால் போடுகிற வரிசையில் தைத்தால் மூலைக்கு மூலை விரிப்பை இழுத்துத் தோள் வலிக்கும். தைப்பதற்கு வேறு வழி எடுக்கலாம், கடைசியில் தெரிகிற படம் ஒன்றுதான். விரிப்பின் வலப்பாதியில் இருக்கிற 6 புள்ளி வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பக்கத்து முதல் புள்ளியின் தலையில் தொடங்கி, அதன் வலப்பக்கம் இறங்கி, அடுத்த புள்ளிக்குக் கீழே, அதற்கடுத்ததற்கு மேலே என்று மாறி மாறி ஓரம் வரை போங்கள். கடைசிப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு, விட்டுப்போன பக்கங்கள் வழியாகத் திரும்பி, முதல் புள்ளியின் அடிக்கு வந்து நிற்கும். அந்த இடமே அடுத்த வரிசை முதல் புள்ளியின் தலை. அப்படியே 13 வரிசையும் இறங்குங்கள். கடைசி வரிசையில் முதல் புள்ளியின் இடப்பக்கத்தைச் சுற்றி, ஒவ்வொரு வரிசையின் இடப்பக்க வளைவையும் கீழிருந்து மேலாக முடித்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். பிறகு விரிப்பைத் திருப்பி மறுபாதியில் மிச்சமுள்ள 5 புள்ளி வரிசை. வரிசைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் வளைவை உருட்டாமல் கூராகத் திருப்புங்கள். அடுத்த வரிசை வந்து தொட்டதும் அது குறுக்கே வெட்டிய கோடாகவே தெரியும். மொத்தக் கோட்டின் நீளம் 30 மீட்டரைத் தாண்டும், அடுக்கின் கனத்தில் நூல் அதைவிடக் கூடுதலாகப் போகும். நடுவில் பாபின் தீர்ந்தால், கோடுகள் சந்திக்கும் புள்ளியில் பூட்டி முடித்து அங்கேயே மறுபடி தொடங்கினால் ஒட்டு கண்ணில் படாது.

ஓரம் அடித்தல்

ஊக்குகளை எண்ணி எடுத்து வையுங்கள், போட்டது நூறு என்றால் திரும்ப வந்ததும் நூறாக இருக்க வேண்டும். மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து 36க்கு 42க்கு வெட்டுங்கள். பல்லை மறுபடி ஏற்றி, சாதாரண ஃபுட் போட்டு, தையல் நீளம் 3 மில்லிமீட்டர். பல்லை ஏற்ற மறந்துவிட்டு மெஷின் ரிப்பேர் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

சுற்றளவு 156 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 168. இரண்டரை அங்குலப் பட்டை ஐந்து வெட்டி, குறுக்குவாட்டில் ஒட்டி ஒன்றாக்குங்கள். நேரான ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (சாய்வாக வெட்டிய பட்டை) தேவையில்லை, நேர்ப்பட்டையே இழுபடாமல் நிற்கும். நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி செய்து, பிரிந்த விளிம்பை முன்பக்க விளிம்போடு வைத்துக் கால் அங்குலத்தில் தையல். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு கீழே மடித்து, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அப்போதுதான் மூலை 45 டிகிரியில் மடியும். பின்பக்கம் திருப்பி, தையல் கோடு மறையும்படி கையால் எம்மிங் செய்யுங்கள். மெஷினிலும் அடிக்கலாம், ஆனால் குழந்தையின் கன்னம் படுவது அந்த ஓரத்தில்தான், கைத்தையல் மெத்தென்று இருக்கும்.

முதல் துவைப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில், லேசான சோப்பில். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். சுங்குடி போட்டிருந்தால் மாடி வெயிலில் காயவே விடாதீர்கள், மே மாதம் ஒன்றே வெளுக்கப் போதும்.